உரிமை கோருவாரற்ற உடல்கள்: குற்ற வழக்குப் பொருட்களின் காட்சியும் அதன் அறமும்

1

எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் நூதனசாலையிலே ஓர் எலும்புக்கூடு வைக்கப்பட்டுள்ளது. 1829 ஜனவரி 28 ஆம் திகதி அந்நகரிலே பல்லாயிரவர் முன்னிலையில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பேர்க் என்பவருடையது அது. அதே நகரின் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி நூதனசாலையில், அவருடைய தோலினால் அட்டை கட்டப்பட்டதாகக் கொள்ளப்படும் சிறு குறிப்பேடொன்று உண்டு. இங்கிலாந்தின் பரி சென்ற் எட்மண்ட்ஸ் நகரத்து நூதனசாலையிலே, 1828 இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கோடர் என்பவரின் வழக்கு வரலாற்றைக் கூறும் நூலொன்று, அவரது தோலினாலேயே அட்டை கட்டப்பெற்றுக் காட்சிப் பொருளாயுள்ளது. லண்டன் ஸ்கொட்லாந்து யார்ட்டில், கொலைகளிற் பயன்பட்ட கருவிகளும் குற்றவாளிகளின் உடைமைகளும் 1870 களிலிருந்து சேகரிக்கப்பட்டு வந்துள்ளன.

இத்தகைய பொருட்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அறமாகுமா என்ற வினா மேனாடுகளில் அண்மைக் காலத்தில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இவை வரலாற்றுச் சான்றுகள், மக்களுக்குக் கல்வியும் எச்சரிக்கையும் தருவன என்பர் ஒரு சாரார். இறந்தோரின் கண்ணியமும் கொலையுண்டோரின் சுற்றத்தார் துயரும் காட்சியினாற் புண்படுகின்றன என்பர் மறுசாரார். இரு கூற்றுக்களிலும் உண்மை உண்டு. எனினும் இவ்விரு சாராரும் பேழைக்கு முன்னே நிற்கும் பார்வையாளரின் மனநிலையிலிருந்தே தமது வாதத்தைத் தொடங்குகின்றனர். அப்பொருள் பேழைக்குள் வந்து சேர்ந்தது எவ்வாறு, எத்தகைய சமூக உறவுகள் அதனை அங்கு கொண்டுவந்து சேர்த்தன என்ற வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காணாது அறம் பற்றிப் பேசுவது அரைகுறை முயற்சியாகவே முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

தொடங்குமுன் மொழி பற்றிய ஒரு குறிப்பு. தமிழிலே கொலையாளியை 'அவன்' என்றும், அவனிடம் பிணம் வாங்கிய மருத்துவ ஆசிரியரை 'அவர்' என்றும் எழுதுவது நமக்கு இயல்பாக வருகின்றது. இலக்கண விகுதிக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கின்றது. அத்தீர்ப்பே ஆய்வுக்குரிய பொருளாதலின், இங்கு இருவரும் ஒரே விகுதி பெறுகின்றனர்.

2

பேர்க் அயர்லாந்திலிருந்து கூலி தேடி ஸ்கொட்லாந்துக்கு வந்தவர். எடின்பரோவை இணைக்கும் யூனியன் கால்வாய் வெட்டும் வேலையில் ஈடுபட்டவர். வில்லியம் ஹெயரும் அவ்வாறு வந்தவரே. ஹெயரும் அவரது மனைவியும் நகரின் வெஸ்ற் போட் பகுதியில் ஏழைகளுக்கான தங்கு விடுதி ஒன்றை நடத்தினர். 1827 நவம்பரில் அங்கு தங்கியிருந்த முதிய இளைப்பாறிய படைவீரர் ஒருவர், நான்கு பவுண் வாடகை பாக்கி வைத்துவிட்டு நோயினால் இறந்தார். அவருடைய உடலை இருவரும் சேர்ந்து, உடற்கூற்றியல் கற்பித்துவந்த றொபேட் நொக்ஸ் என்பவரின் கூடத்திற்கு விற்றனர். ஏழு பவுண் பத்துச் சிலிங் கிடைத்தது. (இலங்கையிற் கைதியாயிருந்து 1681 இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ் வேறு, இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டினர்.)

கடனை ஈடுசெய்யப் பிணம் பயன்பட்டது. மேலதிகமாகவும் பணம் கிடைத்தது. இக்கணக்கிலிருந்தே அடுத்த நிகழ்ச்சிகள் பிறந்தன. 1828 ஆம் ஆண்டின் முடிவுக்கு முன் பதினாறு பேர் கொலை செய்யப்பட்டு அதே கூடத்திற்கு விற்கப்பட்டனர். ஓர் உடலுக்குக் குளிர்காலத்திற் பத்துப் பவுணும் கோடையில் எட்டுப் பவுணும் விலையாயின. பிணம் விரைவில் அழுகும் பருவத்தில் அதன் விலை குறைந்தது. ஏனைய எந்தப் பண்டத்தையும் போலவே பிணமும் பயன்மதிப்பினாலும் தேவையினாலும் விலையிடப்பட்டது என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

கொல்லப்பட்டோர் யாவர்? பெரும்பான்மையோர் பெண்கள். சாம்பல் பொறுக்கி விற்றுச் சீவித்த ஒருத்தி. முதியவள் ஒருத்தியும் அவளது பேரனும். மேரி பற்றர்சன் என்ற இளம்பெண். வீதிகளில் திரிந்த, மனவளர்ச்சி குன்றிய ஜேம்ஸ் வில்சன். மகனைத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த மார்ஜரி டொக்கேட்டி. பலருடைய முழுப்பெயர்கூட நமக்கு எட்டவில்லை. இவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு ஒரே காரணமே இருந்தது: இவர்கள் காணாமற் போனால் தேடிவருவார் எவருமிலர் என்று கொலையாளிகள் கணித்தனர். நகரமெங்கும் அறியப்பட்டிருந்த வில்சனின் விடயத்தில் அக்கணிப்புப் பிழைத்தது. டொக்கேட்டியின் உடல் வீட்டிற் தங்கியிருந்தோராற் கண்டுபிடிக்கப்பட்டபோது வியாபாரம் முடிவுக்கு வந்தது.

ஹெயர் அரச தரப்புச் சாட்சியாகி விடுதலை பெற்றார். பேர்க் தூக்கிலிடப்பட்டார். அவரது உடல் பகிரங்கமாக அறுத்துச் சோதிக்கப்பட வேண்டும் என்பது தீர்ப்பு. அவரது எலும்புக்கூடு பேணப்பட்டுப் பிற்சந்ததியார்க்கு அவருடைய கொடுமைகளை நினைவூட்டுவதாக அமையவேண்டும் என்ற கருத்தினையும் நீதிபதி டேவிட் பொயில் வெளியிட்டார். பதினாறு உடல்களையும் பெற்றுக்கொண்ட நொக்ஸ்மீது வழக்கேதும் தொடரப்படவில்லை. 1829 பெப்ரவரியில் மக்கள் அவரது கொடும்பாவியை எரித்து வீட்டின்மீது கல்லெறிந்தனர். ஆயினும் அவருடைய நண்பர்களின் ஏற்பாட்டில் அமைந்த விசாரணைக் குழு, அவர் கொலைகளை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை என அடுத்த மாதமே அறிவித்தது.

ஆக, ஒரு கொடுக்கல் வாங்கலில் விற்றவர் பேழைக்குள்ளே நிற்கின்றார்; வாங்கியவர் வெளியே நின்றார். இன்று சில நூதனசாலை விளக்கங்கள் நொக்ஸின் பங்கினை எடுத்துரைப்பதுண்டு. ஆயின் சொல்லைவிடப் பொருளே கண்ணைக் கவர்வது. எலும்புக்கூட்டின் முன் நிற்பவர் ஒரு கொடியவரைக் காண்கிறார். ஒரு சந்தையைக் காண்பதில்லை.

3

அச்சந்தையின் மூலத்தைச் சட்ட வரலாற்றிற் காணலாம். 1752 இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியக் கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளியின் உடல் அறுத்துச் சோதிக்கப்படவேண்டும் அல்லது சங்கிலியிற் தொங்கவிடப்படவேண்டும் என விதித்தது. உடலின் முழுமையும் ஒழுங்கான அடக்கமும் மறுமைக்கு இன்றியமையாதன என நம்பிய சமூகத்திலே, அறுவை என்பது மரணத்திற்கும் மேலான தண்டனையாயிற்று. லண்டன் டைபேணிலே தூக்கிலிடப்பட்டோரின் உடல்களைச் சத்திரசிகிச்சையாளர் கைக்கொள்ளாவண்ணம் உழைக்கும் மக்கள் கைகலந்து தடுத்த வரலாற்றைப் பீற்றர் லைன்போ 1975 இல் வெளிவந்த ஆய்விலே விரித்துக் காட்டியுள்ளார். அறியாமையின் வெளிப்பாடெனக் கருதப்பட்ட அக்கலவரங்கள், தம்மவர் உடல்மீது தமக்குள்ள உரிமையை நிலைநாட்டும் போராட்டங்களே என்பது அவ்வாய்வினாற் புலனாயிற்று.

மருத்துவக் கல்வி வளர வளர, தூக்குமேடை தந்த உடல்கள் போதவில்லை. புதைகுழிகள் தோண்டப்பட்டன. செல்வர் இரும்புக் கூடுகளாலும் காவலாளராலும் தம் கல்லறைகளைக் காத்துக்கொண்டனர்; வறியோர் புதைகுழிகளே பெரிதும் சூறையாடப்பட்டன. பேர்க்கும் ஹெயரும் இச்சந்தையின் விபரீத விளைவுகளாவர்.

இந்நெருக்கடிக்குப் பாராளுமன்றம் கண்ட தீர்வு 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டமாகும். கொலையாளிகளின் உடலை அறுக்கும் தண்டனையை அது நீக்கிற்று. அதற்கு மாற்றாக, வறியோர் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உரிமை கோருவாரற்றுக் கிடந்த உடல்களைக் கூடங்களுக்கு வழங்க வழிவகுத்தது. நேற்றுவரை கொலைக்குரிய தண்டனையாயிருந்தது அன்றுமுதல் வறுமைக்குரிய விதியாயிற்று என்பதை றூத் றிச்சர்ட்சன் 1987 இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார்.

இங்கு ஒரு சொற்றொடரை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'உரிமை கோருவாரற்ற' என்பதே அச்சொற்றொடர். பேர்க்கும் ஹெயரும் தமது இரைகளைத் தேர்ந்த அளவுகோல் அதுவே. அக்கொலைகளாற் கலங்கிய பாராளுமன்றம் தனது சட்டத்திற்குக் கொண்ட அளவுகோலும் அதுவே. முன்னது குற்றம், பின்னது சீர்திருத்தம். இரண்டினதும் சுமையைத் தாங்கியோர் ஒரே வர்க்கத்தினர்.

4

இதே அளவுகோல் நமது காலத்து நூதனசாலை அறத்திலும் தொடர்ந்திருக்கின்றதா என்பது அடுத்த வினா. ஸ்கொட்லாந்து யார்ட்டின் சேகரிப்பு, கைதிகளின் உடைமைகள் பற்றிய 1869 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பொலிசார் கையிற் சேர்ந்த பொருட்களிலிருந்து உருவானது. பொலிஸ் பயிற்சிக்கென அது பேணப்பட்டது, பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. உள்ளே செல்ல இடம்பெறாத பத்திரிகையாளர் ஒருவர் 1877 இல் அதற்குக் 'கறுப்பு நூதனசாலை' எனப் பெயரிட்டார். 2015 ஒக்டோபரிலிருந்து 2016 ஏப்ரல் வரை லண்டன் நூதனசாலை அச்சேகரிப்பின் ஒரு பகுதியை முதன்முறையாகப் பெரிய அளவிற் பொதுமக்களுக்குக் காட்டிற்று. காட்சியை அமைத்தோர் அறவியற் பிரச்சினைகளைக் கருத்திற்கொண்டு, தனிப்பட்ட கொலை வழக்குகளில் 1975 க்குப் பிற்பட்டவற்றைத் தவிர்த்தனர். சுற்றத்தாரின் துயருக்கு மதிப்பளித்த இம்முடிவு பாராட்டுக்குரியது.

ஆயினும் அதனுள் அடங்கிய தருக்கத்தை நோக்குவோம். துயருறும் சுற்றத்தார் உயிரோடிருந்தாற் பொருள் மறைக்கப்படும். காலம் கடந்து அவர்கள் மறைந்தபின் காட்டப்படலாம். அப்படியாயின் தொடக்கத்திலேயே சுற்றத்தார் அற்றவரின் நிலை யாது? சாம்பல் பொறுக்கி விற்ற அப்பெண்ணுக்காக 1828 இலும் எவரும் வரவில்லை. இன்றும் எவரும் வரப்போவதில்லை. சுற்றத்தாரின் இசைவையே அறத்தின் முழு அளவுகோலாகக் கொள்வோமானால், உரிமை கோருவாரற்றவரைக் காக்கும் ஆற்றல் அவ்வறத்திற்கு இல்லை.

கோடர் வழக்கு இதனை வேறொரு கோணத்திலிருந்து தெளிவாக்கும். கோடர் வறியவரல்லர், சவ்வோக் மாவட்டத்துப் போல்ஸ்ரெட் கிராமத்தில் வசதி படைத்த கமக்காரர் குடும்பத்தவர். அவராற் கொல்லப்பட்ட மரியா மாட்டின், வயல் அகழெலி பிடிப்பவரின் மகள். திருமணமின்றிப் பிள்ளை பெற்றவள். அக்குற்றத்திற்காக அவளைக் கைதுசெய்யக் கட்டளை வந்திருப்பதாகக் கூறியே, 1827 மே மாதத்தில் கோடர் அவளைச் செந்நிறக் களஞ்சியத்திற்கு வரவழைத்தார். அவ்வச்சுறுத்தல் எடுபட்டமைக்குக் காரணம், திருமணமின்றித் தாயான ஏழைப் பெண்களை அக்காலச் சட்டம் உண்மையிலேயே தண்டிக்கக்கூடியதாயிருந்தமையேயாம். கமக்காரர் மகனுக்கு அச்சட்டத்தால் அச்சமில்லை. அகழெலி பிடிப்பவரின் மகளுக்கோ அதுவே மரணப் பொறியாயிற்று.

கோடர் தூக்கிலிடப்பட்டபின், நினைவுப்பொருள் தேடிவந்தோர் களஞ்சியத்தின் பலகைகளைப் பெயர்த்துச் சென்றனர். கொலையுண்டவளின் கல்லறைக் கல்லையும் சிறிது சிறிதாக உடைத்து எடுத்துச் சென்று இல்லாமலாக்கினர். கோடரின் எலும்புக்கூடு நெடுங்காலம் மருத்துவக் கல்விக்குப் பயன்பட்டு 2004 இல் தகனம் செய்யப்பட்டது. தோலட்டை நூல் காட்சிப் பேழையில் நிலைபெற்றது. நோயாளி ஒருத்தியின் தோலினால் கட்டப்பட்டிருந்த நூலின் அட்டையை அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் 2024 இல் அகற்றியமை, இவ்விடயத்தில் வேறு வழியும் உண்டென்பதைக் காட்டும். கொன்றவரின் தோல் பேணப்பட, கொல்லப்பட்டவளின் பெயர்க்கல் தூளாகிப்போயிற்று. அவளைப் பொறியில் வீழ்த்திய சட்டத்தைப் பற்றியோ அத்தோலட்டை ஒரு சொல்லும் சொல்லமாட்டாது.

குற்றவாளி குற்றத்தை மாத்திரமன்றிச் சட்டத்தையும் நீதிபதியையும் பொலிசாரையும் சட்டப் பேராசிரியரையும் 'உற்பத்தி' செய்கிறார் என மார்க்ஸ் 1860 களின் கையெழுத்துப் படிகளில் அங்கதமாக எழுதினார். அப்பட்டியலில் நூதனசாலையையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். பண்டத்திலே மனித உறவுகள் மறைந்து பொருள்களின் இயல்புபோலத் தோன்றுவதை அவர் விளக்கினார். குற்றக் காட்சியிலும் அதுவே நிகழ்கின்றது: சமூக உறவொன்று எலும்பின் இயல்பாகவும் தோலின் இயல்பாகவும் தோற்றங்கொள்கின்றது.

5

எலும்பிலேயே குற்றம் குடியிருக்கின்றது என்ற கருத்து அக்காலத்தில் விஞ்ஞானமாகவும் வேடம் பூண்டிருந்தது. 1820 இல் எடின்பரோவில் ஜோர்ஜ் கோம் முதலியோர் நிறுவிய மண்டையோட்டியற் கழகம், மண்டையின் மேடுபள்ளங்களிலிருந்து மனிதரின் இயல்பை அறியலாமென்று கூறித் தூக்கிலிடப்பட்டோரின் தலைவார்ப்புக்களையும் குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்டையோடுகளையும் திரட்டிற்று. பேர்க்கின் தலையும் அளக்கப்பட்டது. அழிக்கும் இயல்பைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட பகுதி அவரிடத்து இயல்புக்கு மிஞ்சியிருக்கவில்லை என 1829 இலேயே தோமஸ் ஸ்ரோன் என்பவர் வாதிட்டார். எனினும் சேகரிப்பு நிற்கவில்லை.

இச்சேகரிப்பினூடாகவே எடின்பரோவின் வரலாறு நம் நாட்டு வரலாற்றைச் சந்திக்கின்றது. 1817–18 இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்த கெப்பெட்டிப்பொல திசாவை, இராணுவ நீதிமன்றத்தினால் விசாரிக்கப்பட்டு 1818 நவம்பரிற் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை இராணுவ மருத்துவரான ஹென்றி மார்ஷல் எடுத்துச்சென்று அக்கழகத்திற்கு வழங்கினார். பிரித்தானியச் சட்டத்தின் முன் அவர் இராசத்துரோகக் குற்றவாளி. இலங்கை விடுதலை பெற்றபின் அவரது மண்டையோடு திருப்பிப் பெறப்பட்டு 1954 இற் கண்டியிலே நினைவுச் சின்னத்தின்கீழ் வைக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளென்ற பழைய பிரகடனம் 2016 இல் அரசினால் இரத்துச் செய்யப்பட்டது. எலும்பு மாறவில்லை, தீர்ப்பு மாறிற்று. தீர்ப்பை எலும்பிலே காட்டமுனையும் காட்சியின் பொய்மைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எவ்விதக் குற்றமும் சாட்டப்படாத வேடரின் மண்டையோடுகளும் அதே பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருந்தமையும், அவற்றுள் ஒன்பது 2019 நவம்பரில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கன. குற்றவாளி, கிளர்ச்சியாளர், குடியேற்ற நாட்டுப் பழங்குடியினர் ஆகிய மூவகையினரும் ஒரே அலுமாரி வரிசைக்குரியோராகக் கருதப்பட்டனர். வழக்கிலிருந்து தப்பிய நொக்ஸ் 1850 இல் வெளியிட்ட நூல் மனித இனங்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றியதாயிருந்தமை தற்செயலன்று.

இத்தாலியிலும் இதுவே நிகழ்ந்தது. கலபிரியாவைச் சேர்ந்த ஏழையும் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவருமான ஜுசெப்பே வில்லெல்லாவின் மண்டையோட்டிலே, பிறவிக் குற்றவாளியின் அடையாளத்தைக் கண்டதாக லொம்புறோசோ கூறினார். நாட்டின் ஒருமைப்பாட்டுக்குப் பின் வடக்கின் ஆட்சிக்குட்பட்ட தெற்கின் வறுமைக்கு அது உடற்கூற்று விளக்கம் அளித்தது. லொம்புறோசோவின் நூதனசாலை 2009 இல் ரூறின் நகரில் மீளத் திறக்கப்பட்டபோது, வில்லெல்லாவின் ஊரான மொற்றா சாந்தா லூசியா அம்மண்டையோட்டைக் கோரி வழக்குத் தொடர்ந்தது. 2012 இல் நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது; 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று; 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அந்நூதனசாலையில் லொம்புறோசோவின் எலும்புக்கூடும் உண்டு. ஆனால் அது அவரது சொந்த விருப்பத்தின்படி அங்கு வைக்கப்பட்டது. ஒருவர் இசைந்து நிற்கிறார். மற்றவரை எவரும் கேட்கவில்லை.

6

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அரசொன்று கோரியதாற் கெப்பெட்டிப்பொல மீண்டார். சமூகமொன்று கோரியதால் வேடரின் முன்னோர் மீண்டனர். கிராமமொன்று கோரியும் வில்லெல்லா மீளவில்லை. பேர்க்கை எவரும் கோரவில்லை. அவராற் கொல்லப்பட்டோரையும் எவரும் கோரவில்லை. மீட்பு என்பது கோருவோரின் பலத்தைப் பொறுத்ததாகவே இன்றுவரை இருந்து வருகின்றது.

எனவே இக்காட்சிகளை முற்றாக மூடிவிட வேண்டும் என முற்போக்காளர் சிலர் கூறுவர். அவர்தம் உணர்வு மதிக்கத்தக்கது. ஆயின் பேர்க்கின் எலும்புகளை அமைதியாகப் புதைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவோமானால், அதனால் மிகுந்த ஆறுதலடைவது அவ்வியாபாரத்தினாற் பயன்பெற்ற நிறுவனங்களாகவே இருக்கும். மறைப்பதும் ஒருவகைக் காட்சியே.

வேண்டப்படுவது, பேழையினுள் இருப்பதை மாற்றுவதாகும். இசைவின்றிப் பெறப்பட்ட உடலும் உடலின் கூறும், கொலையாளியினுடையதாயினும், காட்சியிலிருந்து நீக்கப்படல் வேண்டும். ஏனெனில் அவற்றைக் காட்டுவது 1832 இலேயே நீக்கப்பட்ட ஒரு தண்டனையை இன்றும் நிறைவேற்றிக்கொண்டிருப்பதாகும். அவை இருந்த இடத்திலே ஓர் உடல் எட்டுப் பவுணுக்கும் பத்துப் பவுணுக்கும் விலைபோன கணக்கு வைக்கப்படட்டும். 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி வைக்கப்படட்டும். வறியோர் விடுதிகளிலிருந்து கூடங்களுக்குச் சென்ற உடல்களின் பதிவுகள் வைக்கப்படட்டும். கொல்லப்பட்டோரின் பெயர்கள், அறியப்பட்ட அளவில், கொன்றவரின் பெயருக்கு முன்னே எழுதப்படட்டும். அப்பொழுது பார்வையாளர் ஒரு கொடியவரைக் கண்டு அஞ்சிச் செல்லாது, ஒரு சந்தையைக் கண்டு சிந்தித்துச் செல்வர். அதில் வாங்கியவரும் விற்றவரும் ஒருங்கே காட்சிக்கு வருவர்.

உரிமை கோருவாரற்றோர்க்காக உரிமை கோருவது யார்? அரசும் சுற்றமும் கிராமமும் இல்லாதவிடத்து, அப்பணி வரலாற்று மாணவரைச் சார்கின்றது.